சுமையோடு போகிற சைக்கிள்

பெண்களும் சைக்கிளும் பற்றி எழுதப்பட்டவற்றைச் சில ஆண்டுகளாகச் சேர்த்து வாசித்துவருகிறேன். கவிதை, கட்டுரை, சினிமாப் பாட்டு, பாடநூல் படம் என்று எதை எடுத்தாலும் அதில் வரும் பெண் பெரும்பாலும் வெறுங்கையோடு போகிறாள். முன்கூடையில் ஒரு புத்தகப்பை இருக்கும், அவ்வளவுதான். தலைமுடி பறக்கும், துப்பட்டா பறக்கும், சாலை காலியாக இருக்கும். விடுதலை என்றால் இதுதான் என்று நாமும் நம்பிவிட்டோம். நானே அப்படி இரண்டு கவிதைகள் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அவற்றை எந்தத் தொகுப்பிலும் சேர்க்க மாட்டேன்.

ஏனென்றால் நான் அன்றாடம் ஓட்டுகிற சைக்கிளில் எதுவும் பறப்பதில்லை. அதில் 26 கிலோ அரிசிச் சிப்பம் இருக்கும். 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கும். அரைக்கக் கொண்டுபோகும் மிளகாய் மல்லித் தூக்கு, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு, இஸ்திரிக்குப் போகும் மூட்டை இருக்கும். மாதம் ஒருமுறை சர்க்கரை பரிசோதனைக்குப் போகும் என் மாமியாரும் இருப்பார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த வண்டி அது. அடிப்படை ஒரு பழைய லேடீஸ் சைக்கிள். பின்சக்கரத்தை ஒன்றேகால் அடி பின்னால் தள்ளி, இரண்டு செயின்களை ஒன்றாகக் கோத்து, நீண்ட கேரியர் ஒன்றைப் பற்றவைத்தார்கள். உட்காருகிறவர் கால் வைக்க இருபுறமும் பலகை. முன்னால் காய்கறிக்கடைகளில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கிரேட். அதை ஹேண்டில்பாரில் மாட்டாமல் ஃபிரேமோடு சேர்த்துப் பொருத்தியதற்குக் காரணம் உண்டு. ஹேண்டிலில் மாட்டினால் திரும்பும்போது சுமையும் சேர்ந்து திரும்பி வண்டியை இழுத்துவிடும். பால்காரர் வண்டியில் இருப்பதுபோன்ற இரட்டைக்கால் ஸ்டாண்டு, தடித்த ஸ்போக்ஸ், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். பின்சக்கர நடுவில் 250 வாட் மோட்டார், சீட்டுக்குக் கீழே 36 வோல்ட், 10 ஆம்பியர் லித்தியம் பேட்டரி. அதை முழுக்கச் சார்ஜ் செய்ய அரை யூனிட் மின்சாரம் போதும். எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் ஆனது. நீளம் ஏழடி. வெறும் வண்டியே 36 கிலோ. அழகான வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் வாரத்தில் அரிசிச் சிப்பத்தைக் கேரியரின் மேலே உயரமாக வைத்துக் கட்டி, காமராஜ் மார்க்கெட் வாசலில் வண்டியோடு சாய்ந்தேன். தூக்கிவிட வந்த பூக்கார அம்மா சொன்னார்: “பாரத்த மேல வைக்காதே. கீழ தாழக் கட்டு, அது உன்கூட வரும்.” தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற எனக்குச் சுமையைப் பற்றிக் கிடைத்த முதல் பாடம் அது.

*

அந்த அம்மாவுக்குத் தெரிந்தது நம் இலக்கியத்துக்கும் ஒருகாலத்தில் தெரிந்திருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகளை நினைத்துப் பாருங்கள். விடியலில் எழுந்து தயிர் கடைகிறாள், மோர்ப்பானையைச் சுமட்டின் மேல் வைத்துத் தலையில் சுமந்து போய் விற்கிறாள், அந்த வருவாயில் சுற்றத்துக்குச் சோறிடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்காமல் எருமையும் பசுவும் வாங்குகிறாள். உடலழகும் வருணிக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அவள் எங்கே போகிறாள், எதைச் சுமக்கிறாள், கிடைத்ததை என்ன செய்கிறாள் என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு சொல்கிறார். சுமக்கிறவளாக இருப்பதால் அவள் இயக்கம் இழந்தவளாகவில்லை. சுமையோடுதான் அவள் ஊர்விட்டு ஊர் போகிறாள்.

அந்தச் சுமடுதான் இன்றைய சும்மாடு. இரண்டாயிரம் ஆண்டு வயதுள்ள அந்தச் சொல் இன்றும் சித்தாள் பெண்களின் தலையில், மீன்கூடைக்காரிகளின் தலையில் வழங்குகிறது. சுமப்பதைச் சற்று எளிதாக்க நாம் பெண்ணுக்குக் கொடுத்த கருவி, சுருட்டிய ஒரு துணி. இன்னொன்றும் உண்டு. பழைய பாதைகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகள். தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து மீண்டும் ஏற்றிக்கொள்ளத் தோதான உயரத்தில் அவை இருக்கும். வயிற்றுப்பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டுவைப்பது வழக்கம். அவள் உயிரோடு இருந்தவரை சுமையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இறந்தபிறகு வழிப்போக்கர்கள் இறக்கி வைக்க ஒரு கல்லானாள்.

சக்கரம் வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். பால் கேன், ஐஸ் பெட்டி, பாத்திரம், தேங்காய், சோடா என்று ஆண்கள் விற்ற சுமைகள் சைக்கிளுக்கு ஏறின. சென்னையில் மீன்பாடி வண்டி வந்தது. பெண்களின் சுமைகள் தலையிலும் இடுப்பிலுமே நின்றுவிட்டன. தண்ணீர், விறகு, மீன், கீரை, பிள்ளை. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ ஒரு மாநகரத்துக் கதை. மோட்டார் வாகனங்கள் ஓடும் தெருவில்தான் அந்தப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையை வைத்து எடுக்கப்பட்டு 2024இல் வந்த ‘குரங்கு பெடல்’ திரைப்படத்தைப் பார்த்தபோதும் இதையே நினைத்தேன். கோடை விடுமுறை, வாடகை சைக்கிள், ஒரு பையன். எனக்குப் பிடித்த படம். ஆனால் நம் நினைவில் சைக்கிள் என்பது பையன்களின் பருவகாலமாகப் பதிந்துபோயிருக்கிறது. அதே கோடையில் அவன் வயதுப் பெண்ணுக்குக் குடம் கிடைத்திருக்கும்.

சக்கரத்துக்குச் சாதியும் இருந்தது. தென்மாவட்ட ஊர்கள் பலவற்றில் தலித் மக்கள் ஆதிக்கச் சாதித் தெருவுக்குள் சைக்கிளில் ஏறிப் போக முடியாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அங்கே ஒரு தலித் பெண் சைக்கிளில் ஏறுவது எத்தனை கதவுகளைத் தாண்டிய செயல் என்பதை, காற்றில் பறக்கும் துப்பட்டாவை வைத்து அளக்க முடியாது.

*

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்று நாடறிந்தது. என்சிஇஆர்டியின் இந்திப் பாடநூலில்கூட இடம்பெற்றது.

அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் எப்போதும் சுதந்திரம், தன்னம்பிக்கை என்ற சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது அதில் போகிறபோக்கில் வரும் ஒரு தகவல். லேடீஸ் சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது காரணம்.

இந்த ஒரு காரணம் நம்முடைய விடுதலைக் கதையாடலைக் கொஞ்சம் குழப்புகிறது. பெண் உடைக்கு இடைஞ்சல் என்று பாரை எடுத்துவிட்டு வடிவமைத்ததுதான் லேடீஸ் சைக்கிள். வடிவமைத்தவர் அவளுடைய உடையை நினைத்தார், பிள்ளையை நினைக்கவில்லை. புதுக்கோட்டைப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பாரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சுமையைத் துறந்து அவர்கள் வெளியே வரவில்லை. சுமையோடு வெளியே வர வழி கண்டுபிடித்தார்கள்.

என் அம்மா அவர்களில் ஒருத்தி. சந்தையில் பழைய ஜென்ட்ஸ் சைக்கிள் ஒன்றை முந்நூறு ரூபாய்க்கு வாங்கினார். பில் எதுவும் கிடையாது. பாரில் என் தம்பி, கேரியரில் ஈரச்சாக்கு சுற்றிய முல்லைப் பூ. விடியுமுன் கீரமங்கலம் பூச்சந்தைக்குப் போய் ஏழு மணிக்குள் திரும்பிவிடுவார். அதற்கு முன் அதே தூரம் நடை. மிச்சமான நேரத்தில் என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், அறிவொளி வகுப்புக்குப் போனார் என்று சொல்ல ஆசை. அதுவும் உண்மை. வேறு ஒருவர் கொல்லையிலும் பூப்பறிக்கப் போனார் என்பதும் உண்மை.

ஐந்து வருடம் அம்மா அந்த வண்டியை வைத்திருந்தார். பிறகு என் மூத்த அண்ணன் மேல்நிலைப் பள்ளிக்குப் போகவேண்டி வந்தது, சைக்கிள் அவனுக்குப் போனது. யாரும் பறித்துக்கொள்ளவில்லை, சண்டையில்லை. ஒருநாள் காலையில் அம்மா சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தார், அவ்வளவுதான். புதுக்கோட்டையைப் பற்றிய கட்டுரைகள் எதிலும் இந்தக் காலை இல்லை. பெண் ஏறுகிற நாளை எழுதிய நாம், அவள் இறங்கிய நாளை எழுதாமல் விட்டோம்.

தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் அதை விரிவாக்கியது. என் வகுப்பில் இருக்கும் பெண்கள் பெரும்பாலும் அதை வாங்கியவர்கள். இப்போது அது எங்கே என்று ஒருமுறை கேட்டேன். அப்பா வயலுக்கு எடுத்துப்போகிறார், தம்பி வைத்திருக்கிறான், வித்துட்டோம் மேடம். ஒருத்தி மட்டும் சொன்னாள், அதில்தான் காலையில் பால் ஊற்றிவிட்டுக் கல்லூரி பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று. கேரியரில் கேன் மாட்ட அவளே கொக்கி வைத்திருந்தாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

*

ஐரோப்பாவிலும் சுமை சைக்கிள் முதலில் ஆண்களின் தொழிற்கருவிதான். டென்மார்க்கில் 1920களில் ‘லாங் ஜான்’ என்ற நீண்ட வண்டி கடைச்சரக்கு கொண்டுபோகும் ஆட்களுக்காக வந்தது. 1984இல் கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா குடியிருப்பில் ஒருவர் தன் இணைக்குப் பிறந்தநாள் பரிசாக முன்பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டியைச் செய்துகொடுத்தார். அக்கம்பக்கத்தார் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். இன்று அந்த நகரத்தில் பிள்ளைகளைப் பெட்டியில் வைத்து மிதிக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் சாதாரணக் காட்சி. அப்பாக்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். அது பின்னால் தேவைப்படும்.

ஸ்பெயின் நகரத் திட்டமிடல் அறிஞர் இனேஸ் சான்செஸ் தெ மதரியாகா ஒரு கருத்தை முன்வைத்தார். போக்குவரத்துக் கணக்கெடுப்புகள் வேலைக்குப் போய்வருவதை ஒரே பெரிய தலைப்பில் எண்ணுகின்றன. பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மருந்து வாங்குவது, முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது எல்லாவற்றையும் சிறு சிறு தலைப்புகளில் சிதறடிக்கின்றன. சேர்த்து எண்ணினால் அவை வேலைப் பயணத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இவற்றைப் பராமரிப்புப் பயணம் என்று ஒரே பெயரால் அழைக்கவேண்டும் என்கிறார் அவர். பெயரில்லாத வேலைக்கு யாரும் சாலை போடுவதில்லை.

என் ஒரு காலை: வீடு, பள்ளி, மாவுமில், மருந்துக்கடை, கல்லூரி. ஐந்து நிறுத்தம், ஏழு கிலோமீட்டர். எந்தப் பேருந்தும் இந்த வரிசையில் போகாது. 2021 மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதன் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் மாணவிகளின் வீட்டுக் கணக்கில் அது பெரிய தொகை. ஆனால் அந்தப் பேருந்து பெண்ணை ஏற்றிக்கொள்கிற மனதோடு அவள் கூடையை ஏற்றிக்கொள்வதில்லை. அதே 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் வாடை வீசுகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அவருடைய உழைப்பின் வாடைதான் அவரை இறக்கியது.

*

இப்போது மோட்டாருக்கு வருகிறேன். “மோட்டார் வெச்சபிறகு அது என்ன சைக்கிள்?” என்று சக பேராசிரியர் ஒருவர் கேட்டார். பெடலை மிதித்தால்தான் என் மோட்டார் ஓடும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். சமதளத்தில் அது இருப்பதே தெரியாது. ரயில்வே மேம்பாலத்தில் நாற்பது கிலோ சுமையோடு ஏறும்போது பின்னாலிருந்து ஒரு கை தள்ளுவதுபோல இருக்கும். ஏறி முடித்ததும் அந்தக் கை விலகிவிடும். பாராட்டு கேட்காது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் வீடுகளில் ‘உதவி’ என்ற சொல் ஒரு தந்திரமான சொல். “எங்க வீட்ல அவரு எல்லா ஹெல்ப்பும் பண்ணுவாரு” என்று நாமே பெருமையாகச் சொல்கிறோம். உதவி என்றாலே வேலை யாருடையது என்பது முடிவாகிவிட்டது. நாடு தழுவிய முதல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அப்போது அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், செய்த ஆண்கள் 97 நிமிடம். அந்த 97க்குத்தான் ‘ஹெல்ப்’ என்று பெயர்.

என் சைக்கிளும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. முன்பு அரிசி கடைக்காரர் வீட்டுக்கு அனுப்புவார். மாமியாரைக் கணவர் ஸ்கூட்டரில் அழைத்துப்போவார். தண்ணீர் கேனை மகன் தூக்கிவருவான். வண்டி வந்தபிறகு ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சேர்ந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. “நீதான் அந்தப் பக்கம் போறியே”, “உன் வண்டியிலதான் தாராளமா வைக்கலாமே.” ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்ற நூலில் அமெரிக்க வீட்டுச் சாதனங்களின் வரலாற்றைக் கொண்டு இதைத்தான் காட்டினார். சாதனங்கள் வேலையின் கடுமையைக் குறைத்தன. ஆனால் முன்பு ஆணும் பிள்ளைகளும் செய்த பங்கும் சேர்ந்து வீட்டுப்பெண் தலையில் விழுந்தது. அந்த நூலை நான் மாணவிகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். பரிந்துரைத்துவிட்டு வெளியே வந்து சிப்பத்தைக் கட்டியிருக்கிறேன்.

அப்படியானால் ஸ்கூட்டியே வாங்கியிருக்கலாமே என்று கேட்பார்கள். வாங்கினோம். என் சம்பளத்தில் வாங்கிய ஸ்கூட்டி. காலையில் மகனின் டியூஷனுக்கும் பகலில் கணவரின் அலுவலகத்துக்கும் மாலையில் கொழுந்தனாருக்கும் போனது. எல்லாரும் ஓட்டத் தோதான வண்டி எல்லாருக்கும் சொந்தம். இந்த ஏழடி சைக்கிளை யாரும் தொடவில்லை, கூச்சம். அதன் அவலட்சணம்தான் நான்கு வருடமாக அதை என்னுடையதாக வைத்திருக்கிறது. அம்மாவுக்கு நேர்ந்தது எனக்கு நேராமல் காத்தது. அதே காரணத்தால்தான் சுமை முழுவதும் என்னிடம் தங்கியது. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். முதல் பாதியை மட்டும் சொன்னால் இது இன்னொரு துப்பட்டாக் கவிதையாகிவிடும்.

சென்ற ஆண்டு ஒரு முடிவு எடுத்தேன். அரிசியும் தண்ணீரும் மகன், மருத்துவமனை கணவர், மற்றது நான். வண்டி ஒன்றுதான், அதுவும் என்னுடையதுதான். எடுத்துப்போகலாம், கொண்டுவந்து வைத்துச் சார்ஜ் போடவேண்டும். முதல் மாதம் மகன் இருட்டியபிறகுதான் கடைக்குப் போனான். இப்போது பகலில் போகிறான். சிப்பத்தை இன்னும் உயரமாகத்தான் கட்டுகிறான். நான் அவிழ்த்துக் கட்டித்தருவதில்லை. கணவர் இரண்டு முறை போனார், மூன்றாம் முறை ஆட்டோ பிடித்தார். பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கோபன்ஹேகன் அப்பாக்கள் வானத்திலிருந்து வந்தவர்கள் அல்லர், அங்கேயும் யாரோ ஒருத்தி இந்தப் பேச்சைத் தொடங்கியிருப்பாள்.

*

பொங்கலுக்கு அம்மா வந்திருந்தார். எழுபது வயது, முழங்கால் வலி. வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். கேரியரை அழுத்திப் பார்த்தார், ஸ்டாண்டைக் காலால் தட்டினார். பின்னால் உட்காரவைத்துக் கல்லணைக் கால்வாய்க் கரையோரம் கூட்டிப்போனேன். இறங்கியதும் கேட்டார்: “ஆத்தா, இதுக்குக் கவர்மெண்டுல பேரு பதியணுமா?”

வேண்டாம் என்றேன். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடுகிற வண்டிக்கு லைசென்ஸும் தேவையில்லை, பதிவும் தேவையில்லை என்று விளக்கினேன். அதை ஒரு வசதியாகத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன்.

“அப்ப இது உன்னுதுங்கறதுக்கு என்ன இருக்கு?”

பீரோவிலிருந்து பட்டறை பில்லை எடுத்துவந்தேன். நோட்டில் கிழித்த தாள். ஃபிரேம் வேலை, மோட்டார் செட், பேட்டரி, பிரேக் என்று வரிசையாகத் தொகை. மேலே பெயர் எழுதும் இடத்தில் என் கணவர் பெயர், பக்கத்தில் ‘சார் வீட்டம்மா வண்டி’. நான்கு வருடமாக அதை நான் வாசிக்கவே இல்லை. பிரதியை வாசிப்பதுதான் என் தொழில்.

அம்மா தாளைத் திருப்பித் தந்தார். எழுத்துக்கூட்டி வாசிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆகியிருந்தது. அறிவொளியில் கற்றது. “உன் பேரு இதுல இல்லையே” என்றார்.

மறுநாள் பட்டறைக்குப் போய் வேறு பில் கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார், “என்ன மேடம், வீட்ல தகராறா?” என்றார். இல்லை என்றேன். என் முழுப்பெயரைச் சொன்னேன், தலைப்பெழுத்து அம்மாவுடையதும் சேர்த்து. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.